தார் டிரம் மல்லி

ஆடி பிறந்து காற்று திசை மாறிய வாரத்தில் மாரியின் மல்லிச் செடி தலையைத் தொங்கப்போட்டது.

கடப்பாக்கம் குப்பத்தில் இருந்தது அந்த ஒரே மல்லிச் செடிதான். மணலில் மல்லிக்கு என்ன வேலை? சிங்காரத்தின் ஒரே மகன் மாரி, கல்யாணமான புதிதில் வச்சலாவுக்கென்று செய்யூர் சந்தையிலிருந்து ஒரு பதியன் வாங்கி வந்தான். ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார் டிரம் ஒன்றைப் பாதியாக வெட்டினான். அடியில் ஆணியால் ஓட்டைகள் போட்டான். செய்யூர் ஏரிக் களிமண்ணைக் கோணியில் கட்டி, பஸ் கூரைமேல் போட்டுக் கொண்டுவந்து கொட்டினான். மண்ணுக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்த கண்டக்டர் அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தான்.

அந்தச் செடி மாரியாகவே ஆகிப்போனது அவன் ஊரைவிட்டுப் போன பிறகுதான். தை கழிந்ததும் பட்டணத்துக் காசிமேட்டில் லாஞ்சு என்கிற விசைப்படகு ஒன்றில் வேலைக்குப் போகிறேன் என்று கிளம்பினான். அப்பன் சிங்காரம் குதித்தான். "சொந்தக் கட்டுமரத்த உட்டுட்டு எவனோ ஒருத்தன் லாஞ்சுல கூலிக்குப் போறியா? போ. போய்ட்டு இந்த வாசப்படி ஏறாத!" மாரி செடிக்கு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, பெண்டாட்டியிடம் விளையாட்டாகச் சொன்னான். "இது பூ வுட்டா நான் நல்லா கீறேன்னு வச்சிக்கோ."

பங்குனியில் முதல் பூ விட்டது. அன்றைக்கே உப்பு லாரிக்காரன் ஒருவன், காசிமேட்டில் மாரியைப் பார்த்ததாகவும் ஆள் திடமாக இருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனான். மாரியின் அம்மா குப்பம்மாவுக்கு அது போதும். மறுநாளே டிரம்முக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துவிட்டாள். கரையில் யாராவது "புள்ள எப்டி கீறான்?" என்று கேட்டால், "மொட்டு வுட்டுகினு கீறான்" என்பாள். சிங்காரம் மட்டும், "செடியாம், புள்ளையாம். ரெண்டுத்தையும் ஆட்டுக்குப் போடு" என்று காறித் துப்புவான்.

அந்தச் செடிதான் இப்போது தொங்கிக்கொண்டிருந்தது. இலைகள் வெளிறி மஞ்சளாகி, மொட்டெல்லாம் பழுப்பாகி உதிர்ந்து கிடந்தன.

"இன்னாடி இது, இப்டி சோந்து கீது?" குப்பம்மா மீன் கூடையை இறக்காமலே கத்தினாள். "தண்ணி ஊத்துனியா, இல்ல தண்ணியக் காட்டிட்டு வந்துட்டியா?"

"விடிகாலையிலயே ஊத்துனேன் அத்த."

"ஊத்துனா இது ஏன் இப்டி கீது? எம்புள்ள இன்னா நெலமையில கீறானோ! ஓடு, இன்னொரு கொடம் கொண்டா!"

இன்னொரு குடம் என்பது வாயால் சொல்வதற்குச் சுலபம். குப்பத்துக் கிணறு உப்பு. நல்ல தண்ணீருக்குப் பழைய கோட்டைச் சுவர் தாண்டி சவுக்குத் தோப்புக்குப் போக வேண்டும். அங்கே மணலைத் தோண்டினால் ஊற்று. ஆடி வெயிலில் அது துளித்துளியாகத்தான் சுரக்கும். கொட்டாங்கச்சியால் வழித்து வழித்து ஒரு குடம் நிரப்புவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். திரும்பி வரும்போது மணல் உள்ளங்காலைப் பொசுக்கும். வச்சலா போனாள். கொண்டுவந்து ஊற்றினாள். மறுநாள் செடி இன்னும் கொஞ்சம் தொங்கியது. குப்பம்மா தானும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றினாள். அதற்கும் மறுநாள் இன்னும் தொங்கியது.

சிங்காரம் பூவரச மரத்தடியில் வலையைக் கொக்கிக் கழியில் மாட்டிக்கொண்டு குந்தியிருந்தான். ஆனியில் நைலான் நூல் வாங்கப் பட்டணம் போய் வந்ததிலிருந்து அவன் கட்டுமரம் தள்ளவில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டது என்றான். காசிமேட்டுக்கும் போயிருந்தான். "அவன் லாஞ்சு வடக்கால போயிருக்குது. நல்லாதான் கீறானாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டான். வயிறும் சரியில்லை என்றான். அன்றிலிருந்து கஞ்சியும் பச்சை மிளகாயும்தான். மீன் குழம்பை நீட்டினால் கையால் தள்ளிவிடுவான்.

"மீனு இல்லாம சோறு எறங்காத மனுசன், இப்ப சாமியாராட்டம் ஆயிட்டாரு" என்று குப்பம்மா கிண்டல் செய்தாள். முன்பென்றால் பதிலுக்கு நாலு வார்த்தை வரும். இப்போது வலையின் கண்ணிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை கீரைக்கார ஞானம்மாள் வந்தாள். செய்யூர் ஏரிக்கரையோரம் துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரை போடுகிறவள். கீரைக் கட்டைக் கொடுத்துவிட்டுக் கருவாடு வாங்கிக்கொண்டு போவாள். அவள் வந்தால் குப்பம்மாவுக்கு வாய் நிறையப் பேச்சு.

"ஞானம்மா, இத்தப் பாரு. ரெண்டு வேள தண்ணி ஊத்தறோம், அப்பயும் தாகம் தீரல இதுக்கு."

ஞானம்மாள் கூடையை இறக்கிவிட்டு டிரம்மின் முன்னால் குந்தினாள். ஓர் இலையைக் கட்டை விரலால் நசுக்கினாள். பிறகு ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் முழுசாக இறக்கி எடுத்து, மூக்கருகே கொண்டுபோனாள்.

"அய்யே! யாரு இந்தப் புள்ளயத் தண்ணில முக்கிக் கொல்றது?"

"இன்னா சொல்ற?"

"இது தாகம் இல்லக்கா. குடிச்சிக் குடிச்சிச் சாவுது, எங்க வூட்டுக்காரன் மாதிரி."

வச்சலாவுக்குச் சிரிப்பு வந்தது. குப்பம்மா முறைத்ததும் அடங்கிவிட்டது.

"தொங்குதே ஞானம்மா! தண்ணி இல்லாமத்தான தொங்கும்?"

"தண்ணி இல்லாட்டியும் தொங்கும், தண்ணி மிஞ்சினாலும் தொங்கும். தண்ணி இல்லாத இலைய கசக்குனா அப்பளமாட்டம் நொறுங்கும். இது பாரு, கொழகொழன்னு கீது. மேல காஞ்சாப்பல தெரியுது, உள்ள சேறு." விரலால் கிளறி ஒரு வேரை வெளியே இழுத்தாள். அது கறுத்திருந்தது. இரண்டு விரலால் உருவினதும் தோல் தனியாகக் கழன்று வந்தது. "நல்ல வேரு வெள்ளையா கீணும். இது அழுவிப்போச்சு. அழுவின வேரு எப்டி குடிக்கும்? தொண்ட அடைச்சவன் வாயில கஞ்சிய ஊத்திகினே கீறீங்க ரெண்டு பேரும்."

குப்பம்மாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப எம்புள்ள..."

"உன் புள்ள நல்லாருப்பான். செடியச் சொன்னேன். இனிமே ஒரு சொட்டு ஊத்தாத. மண்ணு வெடிக்கற வரைக்கும் சும்மா உடு. அடியில இருக்கற நல்ல வேரு பொழச்சிக்கும். இந்தக் காத்துக்கு நாலு நாள்ல காஞ்சிடும்." எழுந்து கையைப் புடவையில் துடைத்தாள். "கருவாடு எடு. வைத்தியத்துக்கு ஒரு பிடி காரப்பொடி மீனும் சேத்துப் போடு."

அவள் போன பிறகு குப்பம்மா மருமகளின் தலைமேல் கையை வைத்தாள். "நீயும் ஊத்தக் கூடாது. நானும் ஊத்த மாட்டேன். இது சத்தியம்." பூவரச மரத்தடியைப் பார்த்துக் கத்தினாள். "யோவ், கேட்டுகினியா? செடிக்குத் தண்ணி ஊத்தக் கூடாதாம்!"

"எனக்கு இன்னாத்துக்குச் சொல்ற?" என்றான் சிங்காரம்.

நாலு நாள் போனது. மண் வெடிக்கவில்லை. மேல்மண் பளபளவென்று ஈரமாகவே இருந்தது. செடியில் இன்னொரு கிளை கறுத்துவிட்டது.

அன்றைக்கு வீட்டில் நடந்த சண்டை கரை வரைக்கும் கேட்டது.

"ஊத்தாதன்னு தலைல அடிச்சி சத்தியம் வாங்குனேன். நீ திருட்டுத்தனமா ஊத்தற!"

"நான் ஏன் அத்த ஊத்தறேன்? நீதான் சாமி கும்புட்டுட்டு ஊத்தற!"

"நான் பெத்தவடி! பெத்தவ கொல்லுவாளா?"

"அப்ப நான் மட்டும் கொல்லுவனா? எனக்கு அவரு யாரு?"

அப்படிக் கேட்டுவிட்டு வச்சலா அழுதாள். குப்பம்மாவும் அழுதாள். பிறகு ஒரே தட்டில் நெத்திலிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை வச்சலா அடுப்புச் சாம்பலை அள்ளி டிரம் முழுக்க மாவு மாதிரித் தூவினாள். மாமியாரும் மருமகளும் ஒன்றாகவே கரைக்குப் போனார்கள். ஏலத்தில் மீன் எடுத்தார்கள். ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கூடைத் தண்ணீர் சீட்டில் சொட்டுகிறது என்று கண்டக்டர் கத்தினதையும் ஒன்றாகவே வாங்கிக்கொண்டார்கள். செய்யூரில் தெருத்தெருவாக விற்றுவிட்டு வெயில் சாய்ந்ததும் ஒன்றாகத்தான் திரும்பினார்கள்.

சாம்பலில் நடுவாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ஊற்றிய தண்ணீரில் சாம்பல் கரைந்து ஓரத்தில் ஒதுங்கி நின்றது.

குப்பம்மா மார்பில் கை வைத்தாள். "அடி ஆத்தாடி! எவளோ ஏவல் பண்றாடி நம்ம வூட்டுக்கு!" உடனே வேலிப் பக்கம் திரும்பினாள். "ஏ ரத்னா! வெளிய வாடி! உன் கண்ணுதானே எம்புள்ள மேல?"

பக்கத்து வீட்டு ரத்னா இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். "இன்னாக்கா கத்தற? எம்புள்ளைக்குக் குண்டி கழுவத் தண்ணி இல்ல. நான் உன் செடிக்குக் கொடம் கொடமா ஊத்தறனா? எனக்கு இன்னா பைத்தியமா?"

பகை சாதிப்பதற்கு நல்ல தண்ணீரைச் சுமக்கிறவள் அந்தக் கரையில் ஒருத்தியும் கிடையாது.

குப்பம்மா கற்பூரம் தேட உள்ளே போனாள். வச்சலா அங்கேயே நின்றாள். டிரம் மூன்று கல்லின்மேல் இருந்தது. கன்னம் மணலில் படக் குனிந்து அடியைப் பார்த்தாள்.

ஓட்டைகளைக் காணோம்.

ஆணியால் மாரி குத்திய ஓட்டை ஒவ்வொன்றிலும் தேங்காய் நாரைத் திணித்து, மேலே தார் பூசி விரலால் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தது. தொட்டாள். தார் புதுசு, விரலில் லேசாக ஒட்டியது. சொட்டுக்கூடக் கசியவில்லை. கடலுக்குப் போகிற படகை அடைக்கிற மாதிரி அடைத்திருந்தார்கள்.

நாரையும் தாரையும் அப்படி அடைக்கிற கை குப்பத்தில் ஒன்றுதான். பெரிய வலைப் படகுக்கு எங்கே ஓட்டை விழுந்தாலும் "சிங்காரத்தக் கூப்புடு" என்பார்கள்.

வச்சலாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. மகன்மேல் இருந்த ஆத்திரத்தைக் கிழவர் செடிமேல் காட்டுகிறார் என்று நினைத்தாள். குப்பம்மாவிடம் சொன்னால் வீடு இரண்டாகும். வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் பஸ் நிற்கிற இடம்வரை போய், "தல சுத்துது அத்த, நீ போ" என்றாள்.

"வெறும் வயித்துல வந்தா சுத்தத்தான் செய்யும். போய் நாஸ்தா துன்னுட்டுப் படு" என்று சொல்லிவிட்டுக் குப்பம்மா இரண்டு பேர் கூடையையும் ஒன்றாக்கிக்கொண்டு ஏறினாள்.

வச்சலா திரும்பி வந்தபோது வீடு திறந்து கிடந்தது. பூவரச மரத்தடியில் வலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. குடத்தைக் காணோம். வேலியோரம் மீன் காயப்போடும் பாய்களுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

உச்சி வெயிலில் சிங்காரம் வந்தான்.

குடம் அவன் இடுப்பில் இருந்தது. அந்தக் குப்பத்தில் ஆண்பிள்ளை எவனும் குடத்தை இடுப்பில் வைத்து அவள் பார்த்ததில்லை. தோளில் தூக்கிப் பார்த்து முடியாமல் விட்டிருப்பான் போல. மார்பெல்லாம் நனைந்திருந்தது. பொம்பளைகள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுடுகிற மணலில் வெறுங்காலோடு நடந்து வந்தான். யார் கண்ணிலும் படாமல் கோட்டைச் சுவரைச் சுற்றி வந்திருக்க வேண்டும். முழங்காலெல்லாம் முள் கீறியிருந்தது. டிரம்மின் முன்னால் மண்டி போட்டான். குடத்தைச் சாய்த்தான். தண்ணீர் மண்ணில் இறங்காமல் மேலே குளமாக நின்றது.

"குடிடா" என்றான். "குடிடா நைனா."

வச்சலா எழுந்தாள். எழுந்தது அவளுக்கே தெரியாது.

"மாமா."

அவன் திரும்பவில்லை. குடத்தில் மிச்சம் இருந்ததையும் ஊற்றினான்.

"ஊத்தக் கூடாதுன்னு ஞானம்மா சொல்லிச்சே மாமா. வேரு அழுவிப்போச்சு."

"வாடிகினு கீது. வாடுனா ஊத்தணும். எனக்குக் கண்ணு இல்ல?"

"அடியில தார் நீயா பூசுன?"

"ஓட்டைம்மா அது. ஊத்தறதெல்லாம் மண்ணுக்குப் போய்கினு இருந்துது. ஓட்டையக் கண்ணால பாத்துகினு சொம்மா இருக்கச் சொல்றியா? ஓட்டைய அடைக்காம உட்டதாலதான்..."

காற்று வலையை ஆட்டிக்கொண்டிருந்தது.

"எதால மாமா?"

அவன் மணலில் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டான்.

"எந்த ஓட்டை மாமா?"

"லாஞ்சு" என்றான் சிங்காரம். "அடிப்பலகை உட்டுப்போயிருந்துதாம். தண்ணி ஏறிகினே கீதுன்னு பசங்க சொல்லியிருக்கானுங்க. ஓனரு, அடுத்த ட்ரிப்புக்குப் பாத்துக்கலாம்னு அனுப்பிட்டானாம். நெல்லூருக்கு அப்பால, வைகாசிப் புயல்ல..." கையை விரித்து டிரம்மின் விளிம்பில் வைத்தான். "என்னாண்ட காட்டியிருந்தா ஒரு நாள் வேல. எனக்குத் தெரிஞ்ச வேலயே அதான். வாசப்படி ஏறாதன்னு சொன்னேன், அவன் எப்டி வந்து என்னைக் கேப்பான்?"

வச்சலா மனசுக்குள் மாதங்களை எண்ணினாள். வைகாசி. வைகாசிக்குப் பிறகு ஆனி முழுக்கப் போய்விட்டது. ஆடியும் பாதி. அத்தனை நாளும் அவள் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டு, மஞ்சள் பூசிக்கொண்டு, குடம் குடமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"ஆனியில பட்டணம் போனியே... நல்லாதான் கீறானாம்னு சொன்னியே."

"உடம்பு கெடைக்கல" என்றான் அவன், அவசரமாக, ஏதோ நல்ல சேதி சொல்கிற மாதிரி. "ஒருத்தன் உடம்பும் கெடைக்கல. கெடைக்காதவன எப்டி இல்லன்னு சொல்றது? நீங்க ரெண்டு பேரும் செடியப் பாத்துகினு சிரிச்சிகினு இருந்தீங்க. நான் இன்னான்னு வாயத் தொறப்பேன்? செடி நின்னா... செடி நிக்கற வரைக்கும்னு..."

வச்சலாவுக்கு அப்போதுதான் அது உறைத்தது. வயிறு சரியில்லை என்று அவன் தள்ளிவிட்ட குழம்பு. அந்தக் கடலில், மாரி கிடக்கிற அந்தத் தண்ணீரில் மேய்ந்த மீன்... முந்தாநாள்கூட அவளும் மாமியாரும் ஒரே தட்டில் வழித்துச் சாப்பிட்டார்கள். வாயைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் ஓடினாள்.

திரும்பி வந்து வலைக் கொக்கியைக் கழியிலிருந்து பிடுங்கினாள். டிரம்முக்கு அடியில் படுத்துக் கை விட்டு, தாரை நெம்பினாள். கெட்டியாகத்தான் அடைத்திருந்தான். நார் பிய்ந்து வந்தது. அதன் பின்னால் கறுப்பாக, அழுகின முட்டை நாற்றத்தோடு தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு அவள் கைமேல், புடவைமேல் விழுந்தது. அவள் நகரவில்லை. அடுத்த ஓட்டையையும் குத்தினாள். அதற்கு அடுத்ததையும். சிங்காரம் தடுக்கவில்லை. காலிக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"அவகிட்ட நீ சொல்லாத வச்சலா" என்றான். "செடி ஒரு இல வுடட்டும். அப்பால நானே சொல்றேன்."

வெயில் சாய்ந்தது. வேலிக்கு வெளியே குப்பம்மாவின் குரல் முதலில் வந்தது. ரத்னாவிடம் நேற்றுச் சண்டை போட்டதே ஞாபகமில்லாத மாதிரி ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

"தல சுத்தல் எப்டிடி கீது? ஞானம்மாவப் பாத்தேன். வேரு பொழச்சா கடலைப் புண்ணாக்கு போடுன்னு குடுத்தா. யோவ், உனக்குச் சங்கரா மீனு. எவ்ளோ கேட்டாங்க தெரியுமா, விக்காம மறைச்சி வச்சிகினு வந்தேன். இன்னிக்கி நீ துன்னே ஆவணும். இன்னா நாத்தம் இது..."

கூடையோடு வாசலில் நின்றாள்.

செடியை அவள் பார்க்கவில்லை. மண்ணில் கறுப்பாகக் கசிகிற தண்ணீரையும் பார்க்கவில்லை. புருஷன் மடியில் இருந்த குடத்தைப் பார்த்தாள். அவனுடைய நனைந்த மார்பைப் பார்த்தாள். இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் குடத்தின் விளிம்பு அழுத்தி, நாள்பட்டுக் கன்றிப்போயிருந்த இடத்தைப் பார்த்தாள்.

கூடை தலையிலிருந்து தானாக நழுவியது. சங்கரா மீன்கள் சிவப்பாக மணலில் உருண்டன. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"எப்போய்யா?" என்றாள்.

சிங்காரம் குடத்தை மடியிலிருந்து இறக்கி வைத்தான். டிரம்மின் அடியிலிருந்து தண்ணீர் நிற்காமல் சொட்டிச் சொட்டி மணலில் இறங்கிக்கொண்டிருந்தது.